சோறுண்ணும் நிலத்தில் சீலியாக் நோய்: வன்னிப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தின் குளத்தோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 29 வயதுப் பெண் ஒருவர், பல வருடங்களாகத் தீராத குருதிச்சோகைக்காக எங்கள் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டார். அவரது அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. இரும்புச்சத்து மாத்திரைகளை அவர் ஒழுங்காகவே எடுத்து வந்திருந்தார். பூச்சி மருந்தும் பலமுறை கொடுக்கப்பட்டிருந்தது. மாதவிடாய் இரத்தப்போக்கே காரணம் என்று ஒருவரும், சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதே காரணம் என்று இன்னொருவரும் சொல்லியிருந்தார்கள். இரண்டுமே வன்னியில் அன்றாடம் காணும் காரணங்கள். ஆகையால் அந்தக் கணிப்புகளில் குறை காண்பதற்கில்லை. ஆனால் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பதை நிறுத்திய பிறகும், மாதவிடாய் சீராக்கப்பட்ட பிறகும், ஈமோகுளோபின் உயரவில்லை. அந்த இடத்தில் கேள்வியை மாற்றியிருக்க வேண்டும்: இரும்பு எங்கே இழக்கப்படுகிறது என்பதை விட்டு, அது உடலுக்குள் போய்ச் சேர்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும்.

விசாரித்தபோது வேறு பல விடயங்கள் வெளிவந்தன. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு ஊதுவதும், கிழமையில் சில நாட்கள் இளக்கமாக மலம் போவதும் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழகிப்போயிருந்தன. அவற்றை ‘காஸ்ற்றிக்’ என்று எண்ணி, ஒமிப்ரசோல் மாத்திரையை மருந்துக்கடையில் தாமே வாங்கி மூன்று வருடங்களாகக் குடித்து வந்தார். திருமணமாகி இரண்டு கருச்சிதைவுகள். வாயில் அடிக்கடி புண். உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 41 கிலோகிராம். இவை எல்லாவற்றையும் விட எங்களுக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் அவரது தாயார் சொன்ன ஒரு செய்திதான்: நோயாளியின் தம்பி 12 வயது முதல் இன்சுலின் போடுகிறார். கோதுமை, பார்லி, றை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடலின் நிர்ப்பீடனம் கிளம்பி, சிறுகுடலைக் காயப்படுத்துவதே சீலியாக் நோய். முதலாம் வகை நீரிழிவும் இந்த நோயும் ஒரே வகைப் பரம்பரையலகுகளைப் பகிர்ந்துகொள்பவை. ஒரு குடும்பத்தில் ஒன்று இருந்தால் மற்றதைத் தேடுவது நியாயமானது.

பரிசோதனைகள்

ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 7.6 கிராம், செங்குருதிக் கலங்கள் சிறுத்தும் வெளிறியும் இருந்தன, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் லீற்றருக்கு 4 மைக்ரோகிராம். இலங்கையில் சிறுத்த செங்கலங்களைக் கண்டால் தலசீமியாவை நினைக்காமல் விடக்கூடாது. அதற்கான பரிசோதனை இயல்பாக இருந்தது. மலத்தில் கொழுக்கிப் புழு முட்டைகளோ ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியோ காணப்படவில்லை. விற்றமின் டி குறைவாகவும், தைரொயிட் சுரப்பு இயல்பாகவும் இருந்தன.

திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற உடலின் சொந்த நொதியத்துக்கு எதிரான ஐஜிஏ வகைப் பிறபொருளெதிரி, அதாவது சீலியாக் நோயைத் தேடும் முதற்சோதனை, இயல்பான மேலெல்லையைப் போல் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. மொத்த ஐஜிஏ அளவையும் உடன் பார்த்தோம். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருப்பதால், அதைப் பார்க்காமல் முதற்சோதனையின் எதிர்மறை முடிவை நம்ப முடியாது. அடுத்து உட்காட்டிப் பரிசோதனை. எங்கள் சனம் ‘கமரா விடுறது’ என்று சொல்வது இதைத்தான். முன்சிறுகுடலின் மடிப்புகள் விளிம்பு வெட்டியது போல் தோன்றின. அதன் தொடக்கக் குமிழ்ப் பகுதியிலிருந்தும் அதற்குக் கீழேயும் எடுக்கப்பட்ட இழையத் துண்டுகளில், உணவை உறிஞ்சும் விரல் போன்ற சடைமுளைகள் பெரும்பாலும் தேய்ந்து, மேலணியில் நிணநீர்க்கலங்கள் மிகுந்து காணப்பட்டன. குடற் சேதத்தை அளவிடும் மார்ஷ் வகைப்பாட்டில் இது 3பி.

பிறபொருளெதிரி இவ்வளவு உயர்ந்திருந்தும் இழையத்தை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டி 2012 முதல், சில நிபந்தனைகளோடு, குழந்தைகளில் இழையப் பரிசோதனை இல்லாமலே நோயை உறுதிசெய்ய இடமளிக்கிறது. ஆனால் எங்கள் பிரதேசத்தில் அடிக்கடி வரும் குடற்தொற்றுகளும், வெப்பமண்டல ஸ்புரூ எனப்படும் நோயும் சடைமுளைகளைத் தேய்க்கக்கூடியவை. வாழ்நாள் முழுவதற்கும் ஒருவரின் சாப்பாட்டை மாற்றப்போகும் முடிவு இது. ஆகவே அதை ஒரே சான்றின் மீது நிறுத்த நாங்கள் விரும்பவில்லை.

அவர் என்ன சாப்பிட்டார்?

‘இது வெள்ளைக்காரரின்ர வருத்தம், நாங்கள் சோறு தின்னிற சனம்’ என்றே நோயாளியின் தகப்பனார் முதலில் மறுத்தார். வைத்தியர்களிடமும் இதே எண்ணம் உண்டு. நோயாளியின் உணவு வரலாறு அதற்கு நேர்மாறாக இருந்தது.

இடப்பெயர்வுக்கு முன் அவர்களுடைய வீட்டில் சொந்த வயலின் ஆட்டக்காரி நெல்லே ஆண்டு முழுவதும் இருந்தது. காலையில் பழஞ்சோறு அல்லது அரிசிமாப் புட்டு. இரவில் சோறு அல்லது குரக்கன். 2008 இல் ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பம், 2009 இல் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமை அடைந்தது. அப்போது நோயாளிக்கு வயது ஏறத்தாழ 15. நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். ஏழு பேர் கொண்ட குடும்பத்தில் அரிசி மதியத்துக்கென்று ஒதுக்கப்பட, காலையும் இரவும் மா ரொட்டியாகவே கழிந்தன. முகாமில் அவருக்கு இருமுறை கடும் வயிற்றோட்டமும் ஒருமுறை மஞ்சட்காமாலையும் வந்திருந்தன. மீள்குடியேறிய பிறகும் சில போகங்களுக்கு வயல் செய்ய முடியவில்லை. நிவாரண மா தொடர்ந்தது. பின்னர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கும் ஒருவருக்குப் புட்டு அவிக்க நேரமேது? காலையில் கால் றாத்தல் பாண், பத்து மணிக்கு ஒரு பணிஸ் அல்லது ரோல்ஸ், இரவில் கோதுமை மாப் புட்டு அல்லது கொத்துரொட்டி. நாங்கள் கணக்கிட்டபோது நாளொன்றுக்குக் குறைந்தது 15 கிராம் குளூட்டன் வந்தது. இது ஐரோப்பியர் ஒருவரின் நாளாந்த உணவுக்கு ஈடான அளவு. இவ்வளவுக்கும் அவர் தம்மை ‘சோறு சாப்பிடுற ஆள்’ என்றே சொன்னார். மதியம் சோறு என்பதால் அது பொய்யும் அல்ல.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. முழுவதும் கடல் கடந்து வருவது. திருகோணமலையில் 1980 இல் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்து நாட்டின் காலை உணவு மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தது. வன்னியில் அந்த மாற்றத்தைப் போரும் இடப்பெயர்வும் ஒரு சில வருடங்களுக்குள் நடத்தி முடித்தன.

சூழலும் வாழ்முறையும்: எதை நம்பலாம், எதை நம்ப முடியாது

சீலியாக் நோய் வருவதற்கு எச்எல்ஏ-டிகியூ2 அல்லது எச்எல்ஏ-டிகியூ8 என்ற பரம்பரையலகு வகை ஏறக்குறையக் கட்டாயம். ஆனால் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேலானோர் அவற்றைச் சுமந்தாலும், அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. மீதியைத் தீர்மானிப்பது சூழல். 2016 இல் வெளியான இந்தியப் பல்மைய ஆய்வு ஒன்று 23,331 பேரைச் சோதித்தது. நோய்க்குரிய பிறபொருளெதிரி வட இந்தியாவில் 1.23 சதவீதத்தினரிடமும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. பரம்பரையலகோ வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபட்டது தட்டுத்தான்: நாளொன்றுக்கு வடக்கில் 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். தென்னிந்தியாவுக்கு மிக அருகில் இருக்கும் எங்கள் மக்களைப் பற்றி யோசிக்கும்போது இந்த எண்களைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. தெற்கின் குறைந்த எண்ணிக்கை ஒரு பாதுகாப்பு அன்று; கோதுமை குறைவாக இருந்தவரை மட்டுமே அது நின்றது.

அகதி முகாமுக்கும் நிவாரண மாவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வேறோர் இடத்திலும் பதிவாகியுள்ளது. அல்ஜீரியாவின் தின்டூஃப் அருகே 1975 முதல் முகாம்களில் வாழும் சஹராவி மக்களின் மரபு உணவு ஒட்டகப் பாலும் இறைச்சியும். அது மாறிக் கோதுமை முதன்மை உணவானது. முகாம்களில் நிவாரணமும் அதையே தந்தது. 1999 இல் ‘லான்செற்’ இதழில் வெளியான ஆய்வில் சஹராவிக் குழந்தைகளில் 5.6 சதவீதத்தினருக்குச் சீலியாக் நோய் இருப்பது தெரியவந்தது. உலகில் வேறெங்கும் இவ்வளவு உயர்ந்த அளவு அதுவரை காணப்படவில்லை. அவர்களிடம் டிகியூ2 மிகுதி, உறவுக்குள் திருமணமும் உண்டு. ஆகவே அந்த எண்ணை வன்னிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பாதை ஒன்றுதான்.

நெதர்லாந்தில் இதற்கு எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. அங்கே 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காமல் போனபோது, ஹேக் நகரச் சிறுவர் மருத்துவமனையில் நோயுற்றிருந்த குழந்தைகள் தேறினார்கள். விமானங்கள் பாண் கொண்டுவந்தபோது மீண்டும் நோயுற்றார்கள். கோதுமையே காரணம் என்று முன்பே சந்தேகித்து வந்த வில்லெம் கரெல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், அதை 1950 இல் தமது ஆய்வேட்டில் நிறுவினார்.

குளூட்டனின் அளவுக்கு அடுத்ததாகச் சான்று வலுவாக இருப்பது குடற்தொற்றுகளுக்கே. நோர்வேயில் குழந்தைகளின் மலத்தைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு ஒன்று, பின்னாளில் சீலியாக் நோய் வந்தவர்களில் பிறபொருளெதிரி தோன்றுவதற்கு முன்பே என்டரோவைரஸ் என்ற குடல்வழி வைரஸின் தொற்று கூடுதலாக இருந்ததை 2019 இல் காட்டியது. பல நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடரும் ‘டெடி’ ஆய்வு இன்னும் ஒரு படி சென்று, என்டரோவைரஸும் உண்ட குளூட்டனின் அளவும் சேரும்போது ஆபத்து கூடுவதைக் கண்டது. முகாமில் வயிற்றோட்டமும் மா ரொட்டியும் ஒரே நேரத்தில் வந்த எங்கள் நோயாளியின் கதையோடு இது இசைகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆய்வுகள் சிறு குழந்தைகளில் நடந்தவை. இவருக்கு அப்போது 15 வயது. வயிறு ஊதுவது அதற்கு முன்பே இருந்ததாகவும் அவர் சொல்கிறார். ஆகவே முகாம் இந்த நோயைத் தொடக்கியது என்று எழுத எங்களுக்கு உரிமையில்லை. முகாமுக்குப் பிறகு குடலுக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

நுண்ணுயிர்களோடு பழகாமல் வளர்வதே இத்தகைய நோய்களைக் கூட்டுகிறது என்னும் சுத்தம் பற்றிய கருதுகோள் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பின்லாந்திலும் எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவிலும் மக்கள் ஒரே அளவு கோதுமை உண்கிறார்கள், பரம்பரையலகும் ஒத்தது. ஆனாலும் பின்லாந்துச் சிறுவரில் 107 பேருக்கு ஒருவர், கரேலியாவில் 496 பேருக்கு ஒருவர் என்றே நோய் காணப்பட்டது. வசதி குறைந்து, நுண்ணுயிர்களோடு கூடுதலாகப் பழகிய பக்கத்தில் நோய் குறைவு. வன்னியின் கிணற்று நீரும் மண் விறாந்தையும் எங்களைச் சிறிது காத்திருக்கலாம். இந்த இரண்டு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தெரிந்தாலும், எந்த நுண்ணுயிர், எந்த வயதில் என்பதைப் பொறுத்தே நிர்ப்பீடனம் ஒரு பக்கம் சாய்கிறது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

குழந்தை உணவைப் பற்றிப் பழைய நம்பிக்கைகள் பல கைவிடப்பட்டுள்ளன. சுவீடனில் 1984 முதல் 1996 வரை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்த நோய் ஏறக்குறைய நான்கு மடங்காகி, பிறகு சடுதியாக விழுந்தது. தாய்ப்பால் முடிந்த பிறகு, பிந்தி, பெருமளவில் குளூட்டன் கொடுக்கப்பட்டதே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. ஆனால் 2014 இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், முந்திக் கொடுப்பதோ பிந்திக் கொடுப்பதோ தாய்ப்பாலோ நோயைத் தடுப்பதில்லை என்று காட்டின. (தாய்ப்பாலுக்கு வேறு ஆயிரம் காரணங்கள் உண்டு, அதை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டாம்.) எஞ்சி நிற்பது அளவு: டெடி ஆய்வின் 6,605 குழந்தைகளில், முதல் ஐந்து வயதுக்குள் நாளொன்றுக்கு ஒவ்வொரு கிராம் குளூட்டன் கூடும்போதும் ஆபத்தும் கூடியது. ஒரு துண்டு பாணில் ஏறத்தாழ இரண்டு கிராம் இருக்கிறது.

அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் குழந்தைப் பருவ நுண்ணுயிர்கொல்லிகளும் ஸ்கன்டிநேவியப் பதிவேடுகளில் இந்த நோயோடு தொடர்புபட்டுள்ளன. எங்கள் நோயாளியின் ஒமிப்ரசோலை இதில் சேர்க்க நான் தயங்குகிறேன். நோயின் வயிற்று உபாதைக்காகவே அவர் அதைக் குடித்தார். விளைவைக் காரணமாக எண்ணும் தவறு இங்கே எளிதில் நேரும். ஆனாலும் அது இரும்பின் உறிஞ்சலை மேலும் கெடுத்திருக்கும், அதனால் நிறுத்தினோம். புகைத்தல் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை; பிறந்த முறை, அதாவது அறுவைச் சிகிச்சையா இயல்பா என்பது, பெரிய ஆய்வுகளில் பொருட்டாகவில்லை.

‘மருந்தடிச்ச கோதுமைதான் காரணமோ, டொக்டர்?’ என்று தகப்பனார் கேட்டார். சிறுநீரக நோயைக் கண்டு அஞ்சி வாழும் விவசாயிகளிடம் இந்தக் கேள்வி இயல்பாக எழுவது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பயிர்நாசினிகள் சீலியாக் நோயை உண்டாக்குவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றும், மருந்தே படாத கோதுமையும் இவருடைய குடலை இதே அளவு காயப்படுத்தும் என்றும் அவருக்கு விளக்கினோம்.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

மருந்து ஒன்றே: கோதுமை, பார்லி, றை மூன்றையும் வாழ்நாள் முழுவதும் முற்றாக விடுவது. மேலை நாடுகளில் இது விலைகூடிய பொதி உணவுகளைத் தேடும் வேலை. வன்னியிலோ அரிசி, குரக்கன், தினை, சாமை, உழுந்து, பயறு, மரவள்ளி, ஒடியல் மா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒடியற் கூழையும் அரிசிமா இடியப்பத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை என்று அறிந்ததும் தாயாரின் முகம் தெளிந்தது.

ஆறு மாதத்தில் நிறை 46 கிலோகிராமாகவும் ஈமோகுளோபின் 11.2 ஆகவும் உயர்ந்தன. நாளத்தின் வழியே இரும்பு ஏற்றியதும் இதற்கு உதவியது. பிறபொருளெதிரி பாதிக்கு மேல் இறங்கி, பிறகு அசையாமல் நின்றது. பாணைத் தொடுவதில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார், அதில் ஐயமில்லை. ஆகவே சமையலறையை ஒவ்வொரு பொருளாக விசாரித்தோம். அரிசி இடித்து அரிக்கும் அரிதட்டில்தான் அவித்த கோதுமை மாவும் அரிக்கப்பட்டது. பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் வீட்டார் கோதுமை மாப் புட்டும் அவித்தார்கள். ஓலை இடுக்கில் ஒட்டிய மாவை எவ்வளவு கழுவினாலும் போக்க முடியாது. ஊர் மில்லில் ஆட்டா அரைத்த கையோடு இவருடைய குரக்கனும் அரைபட்டது. ரசத்துக்குப் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருந்தது. வேலைக்களைப்பு தீரக் குடித்த மோல்ட் பானம் பார்லியில் செய்தது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதத்தில் குடலைக் கெடுக்கப் போதுமானது என்று 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பாண் துண்டொன்றின் நாற்பதில் ஒரு பங்கு அது.

புதிய நீத்துப்பெட்டியும் தனி அரிதட்டும் வாங்கப்பட்டன. மில்காரருக்கு நோயாளியின் தாயாரே போய் விளக்கினார். அவர் காலையில் மில்லைத் துடைத்து, முதல் அரைவையாக இவர்களுடைய அரிசியையும் குரக்கனையும் அரைக்க உடன்பட்டார். வேறு வழியில் இதைச் சாதித்திருக்க முடியாது. இரண்டாம் வருட முடிவில் பிறபொருளெதிரி இயல்புக்கு வந்தது. சோயா சோஸிலும் சில சோயா மீற்றிலும் கோதுமை உண்டு என்பதும், கடைக் குரக்கன் ரொட்டியில் பாதி கோதுமை மா என்பதும் இப்போது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோவில் அன்னதானத்தில் சோறும் கறியும் சாப்பிடுகிறார்; மோதகம் எந்த மாவில் செய்தது என்று கேட்டுத்தான் எடுப்பார். கல்யாண வீடுகளில் மறுப்பதுதான் அவருக்கு இன்றும் கடினம். ‘ஒரு துண்டுதானே பிள்ளை’ என்று பெரியவர்கள் அன்போடு வற்புறுத்துகையில், தட்டை விலக்குவது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது.

எங்கள் சக வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். இரும்பு மாத்திரைக்கு அசையாத குருதிச்சோகையைக் கண்டால், ‘சோறா, பாணா?’ என்று பொதுவாகக் கேட்காமல், நேற்றுக் காலை, நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் கோதுமையை நிறுத்தச் சொல்வதற்கு முன்பே குருதியைச் சோதியுங்கள். முதலில் நிறுத்திவிட்டால் சோதனை பொய்யாக இயல்பைக் காட்டும். பிறகு நோயை உறுதிசெய்ய, கிழமைக்கணக்காக மீண்டும் கோதுமை கொடுத்து அந்த மனிதரை வருத்த வேண்டிவரும். நோயில்லாதவர்கள் கோதுமையை அஞ்சி விலக்கத் தேவையில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

முதல் வட்ட உறவினரில் பத்தில் ஒருவர் அளவில் இந்த நோய் இருக்கலாம் என்பதால் குடும்பத்தையும் சோதித்தோம். பெற்றோருக்கும் அக்காவுக்கும் பிறபொருளெதிரி இல்லை. நீரிழிவுள்ள தம்பிக்கு, எந்த அறிகுறியும் இல்லாதபோதும், அது உயர்ந்திருந்தது. இழையப் பரிசோதனை நோயை உறுதிசெய்தது. இன்சுலினோடு அரிசியை மட்டுமே நம்பினால் குருதிச் சீனி ஏறும் என்பதால், குரக்கனும் பயறும் கீரையும் சேர்த்து அவருக்குத் தனியாக உணவுத் திட்டம் வகுக்கப்பட்டது. அக்காவுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. கோதுமையை எப்போது காட்டலாம் என்று அவர் கேட்டார். நான்கு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் எப்போதும் கொடுக்கலாம், வன்னி வழக்கப்படி ஆறு மாதத்தில் அரிசிக் கஞ்சியோடு தொடங்கி, பிறகு சிறிதளவாகக் கோதுமையைச் சேர்க்கலாம், பிஸ்கட்டும் பாணும் குழந்தையின் முதன்மைச் சாப்பாடாகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். அந்தக் குழந்தைக்கு மூன்று வயதாகும்போது பிறபொருளெதிரியைச் சோதிப்பதென்று முடிவாகி, அதைச் சிறுவர் சுகாதாரப் பதிவேட்டில் குறித்து, ஊர்க் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அறிவித்துள்ளோம்.